இரண்டு பறவைகளும் ஒரு குசினி யன்னலும்



முண்டக உபநிடதத்தின் மூன்றாம் பகுதி ஒரு மரத்தைக் காட்டி ஆரம்பிக்கிறது. அந்த மரத்தில் இரண்டு பறவைகள் இருக்கின்றன. இரண்டும் பிரியாத தோழர்கள். ஒன்று மரத்தின் பழத்தைக் கொத்தித் தின்கிறது. மற்றது எதையும் தின்னாமற் பார்த்துக்கொண்டிருக்கிறது. இதே காட்சி இருக்கு வேதத்திலும் சுவேதாசுவதர உபநிடதத்திலும் வருகிறது. தின்னும் பறவை உயிர் என்றும், பார்த்திருக்கும் பறவை இறைவன் என்றும் பெரியோர் பொருள் கூறுவர்.

வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வந்து நிற்கும் நாம் இவற்றுள் எந்தப் பறவை? மணி ஒலிக்கிறது, திரை விலகுகிறது, தீபம் காட்டப்படுகிறது. கைகள் தலைக்குமேல் உயர்கின்றன. அதே வேளையில் மனம் தன் விண்ணப்பப் பட்டியலை வாசிக்கத் தொடங்கிவிடுகிறது. மகனுக்கு நல்ல பாடசாலை கிடைக்க வேண்டும், மகளுக்கு நல்ல இடத்திற் சம்பந்தம் பொருந்த வேண்டும், வீட்டுக் கடனின் வட்டி குறைய வேண்டும், தம்பியின் விசா முடிவு வர வேண்டும். இவையெல்லாம் நியாயமான வேண்டுதல்களே. பிள்ளை தகப்பனிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? ஆயினும் அந்த அரை நிமிடத் தீப ஒளியிற் சுவாமியின் திருமுகத்தை எங்களில் எத்தனை பேர் கண்டோம்? அன்றைய சாத்துப்படிப் பட்டு என்ன நிறம் என்று வீடு திரும்பும் வழியிற் கேட்டாற் பலருக்குப் பதில் தெரியாது. தரிசனம் என்ற சொல்லுக்குப் பார்த்தல் என்பதே பொருள். "சுவாமி பார்க்கப் போறம்" என்றுதான் எங்கள் ஆச்சிமார் சொன்னார்கள். நாமோ கேட்டுவிட்டுத் திரும்பி வருகிறோம்.

மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதத்தின் பதினோராஞ் சூத்திரம் இந்தப் பார்வையைப் பற்றியே பேசுகிறது. கண் தானாக எதையும் காண்பதில்லை. உயிர் உடன்நின்று காட்டினால்தான் கண் காணும். அதுபோல, இறைவன் உடன்நின்று காட்டியும் கண்டும் உதவினால்தான் உயிர் எதையும் காணும். ஆகவே நாம் ஒன்றை ஆசையின்றி, அமைதியாக, உள்ளபடி பார்க்கும் ஒவ்வொரு கணத்திலும் அவன் எம்முடன் சேர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். எமது ஆசிரியருக்கு வாய்த்த பெயரே மெய்யைக் கண்டவர் என்பதுதான்.

இப்படிப் பார்ப்பதற்குப் பழக்கம் வேண்டும். நான் தொழிலாற் கணக்காளன். காலை ஒன்பது மணி முதல் மாலை வரை எதைப் பார்த்தாலும் அது வரவா செலவா என்று பிரிப்பதே எனக்கு வேலை. எங்களிற் பெரும்பாலோர் வேறு வேறு தொழில்களில் இதைத்தான் செய்கிறோம். தெருவிலே ஒரு வீட்டைக் கண்டால் அதன் விலை எங்களுக்குத் தெரியும். அதன் கூரையில் இருந்து நாள்தோறும் பாடும் பறவையின் பெயர் தெரியாது. இருபது வருடம், முப்பது வருடம் இலண்டனில் வாழ்ந்தும் இவ்வாறுதான். எதையும் பெறாமற் பார்ப்பதற்கு ஒரு பயிற்சிக்கூடம் வேண்டுமென்றால், அது எங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கிறது. அதற்குக் குசினி யன்னல் என்று பெயர்.

செலவு எதுவுமில்லை. காலைத் தேத்தண்ணியுடன் பத்து நிமிடம் நின்றாற் போதும். தொலைபேசியை மேசையில் வைத்துவிடுங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு வேலியோரத்தில் ஏதோ அசையும். செம்மஞ்சள் மார்புடன் குருவியளவில் இருப்பது ரொபின். மற்றப் பறவைகள் வாயடைத்திருக்கும் மார்கழிக் குளிரிலும் அது பாடும். குளிர்காலத்தில் ஆணும் பெண்ணும் தனித்தனியே இடம்பிடித்துக்கொண்டு இரண்டுமே பாடும். தெருவிளக்கு வெளிச்சத்தில் நடுச்சாமத்திலும் அதன் குரலைக் கேட்கலாம். இரவு வேலை முடித்து வீடு திரும்பும் எங்கள் பிள்ளைகள் பலர் அதைக் கேட்டிருப்பார்கள். உடல் முழுவதும் கறுப்பாய், அலகு மட்டும் மஞ்சளாய்ப் புல்லிலே ஓடி ஓடி நிற்பது பிளக்பேர்ட். அதன் பெண் பறவை மண்ணிறமானது. இரண்டும் வேறு இனங்கள் என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாசி மாதம் பிறந்தால் அந்தி மங்கும் நேரத்தில் ஆண் பறவை கூரை முகட்டில் இருந்து பாடும். எங்கள் கோயில் நாதஸ்வரக்காரர் ஓர் இராகத்தை அவசரமில்லாமல் விரிப்பதைப்போல, ஒரு வரியைப் பாடி நிறுத்தி, யோசித்து, அடுத்த வரியை எடுக்கும்.

நீலத் தொப்பியும் மஞ்சள் வயிறுமாகக் கிளையிலே தலைகீழாகத் தொங்குவது புளூ ரிட். எடை ஏறக்குறைய 11 கிராம் மட்டுமே. வசந்தகாலத்தில் ஒரே முறையில் எட்டு, பத்து முட்டைகள் இடும். ஒரு குஞ்சுக்கு நாளொன்றுக்கு நூறு புழுக்கள் வரை தேவை என்கிறார்கள். பத்துக் குஞ்சுகள் என்றால் ஆயிரம். பதினொரு கிராம் எடையுள்ள தாயும் தகப்பனும் அந்த ஆயிரத்தையும் விடியற்காலை முதல் இருட்டும்வரை தேடிக் கொண்டுவருகின்றன. இரண்டு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர்கள் எமது சபையில் நிறையப் பேர் உண்டு. இந்தக் கணக்கை அவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

பறவைக்கும் சமயத்துக்கும் என்ன தொடர்பு என்று யாராவது கேட்கலாம். முருகப்பெருமானின் ஊர்தி மயில், கொடி சேவல். அம்பிகை மயிலுருவில் வழிபட்டதால் மயிலாப்பூரும் மயிலாடுதுறையும் பெயர் பெற்றன. சடாயு என்னும் பறவை வழிபட்டதால் வைத்தீசுவரன் கோயிலுக்குப் புள்ளிருக்குவேளூர் என்று பெயர். மணிவாசகப் பெருமான் சிவபுராணத்தில் உயிர் எடுத்து இளைத்த பிறவிகளை வரிசைப்படுத்தும்போது பறவைப் பிறவியையும் சேர்த்தே சொல்கிறார். எங்கள் வேலியில் இருப்பது நாம் கடந்துவந்த வழியில் நின்றுகொண்டிருக்கும் உறவு.

இந்த உறவு எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. என்னுடைய அம்மா இந்நாட்டுக்கு வந்த முதல் மாரிகாலத்தில் அறையை விட்டு வெளியே வருவதற்கே மனமில்லாமல் இருந்தா. மொழி தெரியாது, தெருவில் ஒருவரையும் தெரியாது. ஒருநாட் காலை யன்னலடியில் நின்று என்னைக் கூப்பிட்டா. "தம்பி, இஞ்ச வந்து பார். இது எங்கட அடைக்கலாங்குருவியெல்லோ? இதுக்கு ஆர் விசா குடுத்தது?" அம்மா சொன்னது சரிதான். இந்நாட்டவர் ஹவுஸ் ஸ்பரோ என்று அழைப்பதும், எங்கள் ஊரில் ஓட்டுக்கூரை இடுக்கில் வைக்கோல் திணித்துக் கூடுகட்டியதும் ஒரே இனம்.

அது மட்டுமல்ல. தென் இலண்டனில் மாலையிற் கூட்டங்கூட்டமாகக் கத்திக்கொண்டு பறக்கும் பச்சைக்கிளி, யாழ்ப்பாணத்துப் பனை வடலிகளிற் பார்த்த அதே கிளியினம். கூண்டுகளிலிருந்து தப்பியவற்றின் வழித்தோன்றல்கள் அவை. 1983ஆம் ஆண்டில் அந்தக் கிளி பிரித்தானியப் பறவைகளின் பட்டியலில் முறைப்படி சேர்த்துக்கொள்ளப்பட்டது. அந்த ஆண்டு ஆடி மாதத்தின் பின்னர் எங்கள் சனங்கள் எந்தப் பட்டியலிலாவது இடம் தேடி உலகமெங்கும் அலையத் தொடங்கினார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. ஸ்டார்லிங் என்னும் புள்ளிப் பறவை எங்கள் மைனாவின் குடும்பம். மோர்டன் ஹோல் பூங்காவினூடாக ஓடும் வாண்டில் ஆற்றங்கரைக்குப் போனாற் சாம்பல் நாரையைப் பார்க்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் நீல மீன்கொத்தியையும் காணலாம். இரண்டும் இலங்கையிலும் வாழும் இனங்கள். அந்த ஆறு 1960களில் திறந்த கழிவுக் கால்வாய் என்று சொல்லப்பட்ட ஆறு. துப்புரவாக்கியபின் மீனும் வந்தது, மீனைத் தேடிப் பறவைகளும் வந்தன.

அங்கே வெள்ளைக் கொக்கும் நிற்கும். இக்கொக்கு இந்நாட்டில் முதன்முதலாகக் கூடுகட்டிக் குஞ்சு பொரித்தது 1996ஆம் ஆண்டிலே, டோர்செற் மாவட்டத்தின் பிரவுன்சித் தீவில். யாரும் கொண்டுவந்து விடவில்லை. கடலைத் தாண்டித் தானே வந்து, இருந்து பார்த்து, பின்னர் குடியேறியது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். "ஊரிலே இவ்வளவு அழிவு நடந்த பின்னர், 2009ஐக் கண்ட கண்களால் யன்னலில் நின்று குருவி பார்ப்பதா? இது நியாயமா?" என்று எங்களிற் பலருடைய மனம் கேட்கும். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் இந்தக் கேள்வி பல வீடுகளில் உண்டு. சிரிப்பதற்கும், பூக்கன்று நடுவதற்கும், ஒரு நல்ல மாலையை அனுபவிப்பதற்கும் கூசுகிறோம். எங்களைப் பொறுத்தமட்டில் இந்நாடு ஒரு புகையிரத நிலையத்தின் காத்திருப்பு அறை. காத்திருப்பு அறையில் யாராவது பறவை பார்ப்பார்களா?

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான சனம் புறப்பட்டபோது நானும் அந்த மழையில் நடந்தேன். அப்போது பாடசாலைப் பிள்ளை. சைக்கிள் கரியரில் ஒரு ட்ரங்குப் பெட்டி, கையில் அம்மம்மாவின் கை. நாவற்குழிப் பாலத்தைத் தாண்ட விடிந்துவிட்டது. முன்னும் பின்னும் அழுகையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தமும். வலப்பக்கத் தண்ணீரிலே கொக்குகள் நின்றன. ஒவ்வொன்றும் ஒற்றைக்காலில், அசையாமல். அம்மம்மா நடையை நிறுத்தி அவற்றைப் பார்த்தா. "அதுகள் நிக்குது" என்று மட்டும் சொன்னா. பிறகு நடந்தா. அந்த ஒரு கணத்தில் அவவின் முகத்தில் இருந்தது என்னவென்று நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். அதை மகிழ்ச்சி என்று சொல்லமுடியாது. துயரம் அப்படியே இருந்தது. ஆனால் அந்தத் துயரத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒன்று அவவுக்குள்ளே விழித்திருந்தது. உபநிடதம் சொல்லும் இரண்டாம் பறவை அதுதான் என்று இப்போது நம்புகிறேன். பார்ப்பது துயரத்தை மறப்பதாகாது. இறந்தவர்களுக்கு நாம் செய்யும் கடமைகளில் ஒன்றும் அதனாற் குறைவதில்லை.

சொன்ன அந்த அடைக்கலாங்குருவிக்கு மீண்டும் வருவோம். ஒரு பறவைக்கு அடைக்கலம் என்று பெயர் வைத்த மொழி எங்களுடையது. அது காட்டிலே வாழாது. மனிதன் இருக்கும் வீட்டை நம்பி வந்து, அதன் இடுக்கிற் குடியிருக்கும். அந்தக் கூட்டைக் கலைப்பது பாவம் என்று எங்கள் வீடுகளிற் சொல்லித்தந்தார்கள். இந்நாட்டுச் சட்டமும் அதையே சொல்கிறது. 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டத்தின்படி, பறவை கட்டிக்கொண்டிருக்கும் அல்லது பயன்படுத்தும் கூட்டை வேண்டுமென்று அழிப்பது குற்றம்.

அப்படியிருந்தும் அடைக்கலாங்குருவியின் ஐந்தொகை நட்டத்திலேதான் இருக்கிறது. மத்திய இலண்டனின் கென்சிங்டன் பூங்காவில் மக்ஸ் நிக்கல்சன் என்ற இளைஞர் 1925இல் எண்ணியபோது 2,603 குருவிகள் இருந்தன. அதே பூங்காவில் 1948இல் 885. 1975இல் 544. 1995இல் 46. 2000ஆம் ஆண்டில் வெறும் 8. நாடு முழுவதிலும் எண்ணிக்கை வீழ்ந்தபடியால் 2002இல் இப்பறவை ஆபத்துக்குரிய சிவப்புப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. கூடுகட்ட இடுக்கில்லாத புதிய கூரைகள், வெட்டப்பட்ட வேலிகள், பூச்சியில்லாத தோட்டங்கள் என்று பல காரணங்களைச் சொல்கிறார்கள். எங்கள் வீடுகளை எண்ணிப் பாருங்கள். வீடு வாங்கியதும் முதல் வேலையாக முன்வளவின் வேலியைப் பிடுங்கி, புல்லை மூடி, இரண்டு கார் நிற்கக் கல் பதிக்கிறோம். அடைக்கலம் பெற்று வந்தவர்களின் வீட்டில் அடைக்கலாங்குருவிக்கு இடமில்லை என்றால் அது பொருந்துமா?

சிபிச் சக்கரவர்த்தியின் கதை எல்லோருக்கும் தெரியும். பருந்துக்கு அஞ்சி வந்த புறாவுக்கு அடைக்கலம் கொடுத்து, அதன் எடைக்குத் தன் தசையை அரிந்து தராசில் வைத்தான். எவ்வளவு வைத்தும் தட்டுச் சமப்படவில்லை. கடைசியிற் தானே ஏறி நின்றபோதுதான் சமப்பட்டது. கணக்காளன் என்ற முறையில் அந்தத் தராசை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அடைக்கலத்துக்குப் பகுதிக் கட்டணம் கிடையாது என்பதே அதன் தீர்ப்பு. எங்களிடம் தசை கேட்கப்படவில்லை. ஒரு முழ வேலியும் ஒரு சட்டித் தண்ணீரும்தான் கேட்கப்படுகின்றன.

அதையும் முறையாகச் செய்யவேண்டும். புரட்டாதிச் சனியில் காகத்துக்குச் சோறு வைக்கும் வழக்கத்தை இங்கேயும் பலர் விடவில்லை. நல்லது. ஆனால் உப்பும் கறியும் கலந்த சோறு சிறு பறவைகளுக்குக் கூடாது. உப்பில்லாத வெறுஞ்சோற்றை, பொழுதுபடுமுன் தின்று முடிக்கக்கூடிய அளவுக்கு வையுங்கள். மிச்சம் கிடந்தால் எலி வரும், அயலவரின் முறைப்பாடும் வரும். தண்ணீரை நாள்தோறும் மாற்றுங்கள். தீனிப் பாத்திரத்தைக் கிழமைக்கு ஒருமுறையாவது கழுவிக் காயவையுங்கள். கிரீன்பிஞ்ச் என்னும் பச்சைநிறக் குருவியினம் 2005 முதல் ஒரு நோயாற் பெருந்தொகையாக மடிந்து, 2021இற் சிவப்புப் பட்டியலை அடைந்தது. அழுக்கான தீனிப் பாத்திரங்களும் அந்நோயைப் பரப்பின. சுத்தமில்லாத கையால் இடும் தானம் நஞ்சாகலாம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். வேலி வெட்டுவதென்றால் பங்குனி முதல் ஆவணி வரையுள்ள கூடுகட்டுங் காலத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

ஆர்.எஸ்.பி.பி. என்னும் பறவைப் பாதுகாப்புச் சங்கம் 1979 முதல் ஒவ்வொரு சனவரிக் கடைசி வார இறுதியிலும் ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறது. யாரும் சேரலாம். ஒரு மணித்தியாலம் யன்னலில் இருந்து, வளவில் இறங்கும் பறவைகளைக் குறித்து அனுப்பவேண்டும். சனவரி 31 வருமானவரிப் படிவத்தின் கடைசித் திகதி என்பதால் எங்கள் தொழிலில் அது மூச்சுவிட நேரமில்லாத வாரம். அப்படியிருந்தும் அந்த ஒரு மணித்தியாலத்தை நான் விடுவதில்லை. இந்தக் கணக்கில் ஒரு விசேட விதி உண்டு. வந்தவற்றையெல்லாம் கூட்டக்கூடாது. ஒரே நேரத்திற் கண்ட அதிகபட்சத் தொகையை மட்டும் எழுதவேண்டும். போன குருவியே திரும்பி வந்திருக்கலாம் அல்லவா? இரட்டைப் பதிவிலே சீவியம் நடத்துகிற எனக்கு, இரட்டைப் பதிவு கூடாது என்று சொல்லும் கணக்கு இது ஒன்றுதான். முடிவில் ஒரு தாளில் எட்டு, பத்து எண்கள் இருக்கும். அவற்றில் ஒன்றுகூட எனக்குச் சொந்தமில்லை. கையெழுத்து வைக்கும்போது மனம் பாரமில்லாமல் இருக்கும்.

வீட்டிலே பெரியவர்கள் இருந்தால் அவர்களை யன்னலடியில் இருத்துங்கள். பேரப்பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்துங்கள். பிள்ளைக்கு ஆங்கிலப் பெயர் தெரியும். அம்மம்மாவுக்குச் செண்பகமும் புலுனியும் கரிக்குருவியும் தெரியும். இரண்டு பேருக்கும் பொதுவாகப் பேச ஒரு பொருள் கிடைக்கும். அன்றைக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இல்லாத ஒரு பாடம் நடக்கும்.

அந்த மரத்து இரண்டு பறவைகளின் கதை முதல் மந்திரத்தோடு முடியவில்லை. பழத்தின் மேலேயே கண்ணாயிருக்கும் பறவை தன் இயலாமையை எண்ணி எண்ணித் துயரப்படுகிறது என்றும், எப்போது அது தன் பக்கத்திலிருக்கும் மற்றப் பறவையைக் காண்கிறதோ அப்போது அதன் துயர் நீங்குகிறது என்றும் அடுத்த மந்திரம் சொல்கிறது. மரம் மாறவேண்டும் என்று அங்கே சொல்லப்படவில்லை. யாழ்ப்பாணத்து வேம்பாக இருந்தாலும், மிச்சம் தெருவோரத்துப் பிளேன் மரமாக இருந்தாலும் மற்றப் பறவை அங்கேயே இருக்கிறது. தலையைத் திருப்பிப் பார்ப்பது மட்டுமே எங்கள் பங்கு.

அடுத்த வெள்ளிக்கிழமை திரை விலகும்போது முதல் ஒரு நிமிடத்துக்கு எதையும் கேட்காமல், எம்பெருமானின் திருமுகத்தைக் கண்ணாரப் பாருங்கள். விண்ணப்பங்களை அதன் பின்னர் வைக்கலாம். அவனுக்கு அவசரமில்லை.

எல்லா உயிர்களும் இன்புற்றிருக்க எல்லாம் வல்ல இறைவன் திருவருள் பாலிப்பாராக.

திருச்சிற்றம்பலம்.